கேன்சாட் போட்டி நம் மாவட்டங்களிலேயே நடக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிறு செயற்கைக்கோள் செய்யும் போட்டிகள் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வருகின்றன. ஒரு டப்பாவைக் கையில் பிடித்தபடி மாணவர்கள் நிற்கும் படம் இருக்கும். 'செயற்கைக்கோள் தயாரித்துச் சாதனை' என்று தலைப்பும் இருக்கும். டப்பாவுக்குள் என்ன இருந்தது, மேலே போய் எதை அளந்தது, இறங்கி முடியும்வரை வேலை செய்ததா என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த விவரத்தைக் கேட்கும் போட்டி நம் பக்கம் இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவாக, ஆண்டுக்கொரு முறை, தை அல்லது மாசியில் இங்கேயே ஒரு கேன்சாட் போட்டி நடத்த வேண்டும். அதன் மதிப்பெண்ணில் பாதியை அணிகளின் சோதனைக் குறிப்பேட்டுக்கு ஒதுக்க வேண்டும். காரணத்தை விரிவாகவே எழுதியிருக்கிறோம். இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால் எங்கள் கருத்துகளைச் சுருக்குங்கள், அளவுகளை அப்படியே விட்டுவிடுங்கள். மாணவர்களுக்குப் பயன்படப்போவது அவைதான்.

கேன்சாட் என்பது சுற்றுப்பாதைக்குப் போகும் செயற்கைக்கோள் அல்ல. குளிர்பான டப்பா அளவில், செயற்கைக்கோளில் இருக்கும் எல்லா உறுப்புகளையும் கொண்ட ஒரு பயிற்சிக் கருவி. மின்சாரம், அளவீடு, கணினி, வானொலி, உறை எல்லாம் அதற்குள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப் ட்விக்ஸ் 1998-ல் இந்த யோசனையை முன்வைத்தார். 1999-ல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் முதல் கேன்சாட்கள் ராக்கெட்டில் பறந்தன. அதே ஆண்டில் அவரும் ஜோர்டி புய்க்-சுவாரியும் சேர்ந்து வகுத்த 10 செ.மீ. கனசதுர அளவுதான் இன்று உலகெங்கும் புழங்கும் கியூப்சாட். ஐரோப்பிய விண்வெளி முகமை 2010 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகவே கேன்சாட் போட்டி நடத்திவருகிறது. இந்தியாவில் மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சேர்ந்த இன்ஸ்பேஸ் அமைப்பு கல்லூரி மாணவர்களுக்கு நடத்துகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல மரபு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009-ல் சுற்றுப்பாதைக்குப் போனது. எஸ்ஆர்எம்சாட் 2011-லும், சத்யபாமாசாட் 2016-லும், கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியுசாட் 2017-லும் போயின. பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக்கின் அணி செய்த 64 கிராம் கலாம்சாட், 2017 ஜூனில் நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் ஏறிச் சில நிமிடங்கள் பறந்து திரும்பியது. அது சுற்றுப்பாதைப் பயணம் அல்ல. ஆனாலும் பெருமைக்குரியதே. இந்த வேறுபாட்டைச் செய்தியில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் மாணவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

ஐரோப்பியப் பள்ளிப் போட்டியின் விதிகள் எளிமையானவை. நம் மாவட்டப் போட்டிக்கு அவற்றையே எடுத்துக்கொள்ளலாம். உயரம் 115 மி.மீ., விட்டம் 66 மி.மீ., எடை 300 முதல் 350 கிராம் வரை. எல்லா அணிக்கும் பொதுவான முதல் பணி, இறங்கும்போது காற்றின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் வினாடிக்கு ஒரு முறையாவது அளந்து தரைக்கு அனுப்புவது. இரண்டாவது பணியை அணியே தேர்ந்துகொள்ளும். பலரும் இரண்டாவது பணியில்தான் ஆசை வைக்கிறார்கள். கேமரா, தானாகத் திசை திரும்பும் இறக்கை, செயற்கை நுண்ணறிவு என்று பட்டியல் நீளும். முதல் பணியே முழுமையாக நடக்காமல் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆகவே முதல் ஆண்டில் நம் போட்டிக்கு முதல் பணி மட்டும் போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதற்கான பொருள்கள் எளிதில் கிடைப்பவை: ஓர் இஎஸ்பி32 போர்டு (சிறு கணினி), பிஎம்பி280 அழுத்த சென்சார், நியோ-6எம் ஜிபிஎஸ், குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும் லோரா வானொலி மாட்யூல் ஒரு ஜோடி, எஸ்டி கார்டு மாட்யூல், ஒரு 18650 லித்தியம் செல், டாட் போர்டு (உறுப்புகளைச் சால்டர் செய்யும் துளைப் பலகை), ஒலி எழுப்பும் பஸ்ஸர் ஒன்று. எல்லாம் சேர்த்துச் சுமார் 3,000 முதல் 4,000 ரூபாய்க்குள் முடியும். செல் 46 கிராம் வரும். உறை, பாராசூட், கயிறு எல்லாம் சேர்த்தாலும் 250 கிராமைத் தாண்டுவது அரிது. எடை கூடிவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் மெலிதாகச் செய்துவிட்டு, கடைசியில் 300 கிராமுக்குக் குறைகிறதே என்று விழிப்பார்கள். அந்த மிச்ச எடையை உறையின் கனத்தில் போடுங்கள். அப்போதும் குறைந்தால் அடிப்பக்கத்தில் போல்ட், நட்டு வைத்து நிரப்புங்கள். அடி கனமாக இருந்தால் டப்பா ஆடாமல் இறங்கும்.

உறையை 3டி பிரிண்டரில் எடுப்பவர்கள் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும். அது 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரில் அரை நாள் வைத்தால் மூடி கோணிவிடும். பிறகு திருகு பொருந்தாது. பெட்ஜி என்ற வகை 80 டிகிரி வரை தாங்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தகர டப்பாவையே உறையாக வைப்பதும் தவறு. ஜிபிஎஸ்ஸுக்கு வானம் தெரிய வேண்டும், லோரா ஆன்டெனாவும் உலோகத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

கோளாறுகளில் முதலிடம் மின்சாரத்துக்குத்தான். மேசையில் லேப்டாப்பின் யுஎஸ்பி ஒயரில் இணைத்துச் சோதிக்கும்போது 5 வோல்ட் கிடைக்கிறது, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. செல்லில் இணைத்ததும் ஜிபிஎஸ் தடுமாறுகிறது, வானொலி அனுப்பும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீசெட் ஆகிறது. மாணவர்கள் புரோகிராமில் பிழை தேடி வாரக்கணக்கில் உட்காருவார்கள். பிழை அங்கே இல்லை. மலிவு விலை போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்ட்டை நிலையாக வைக்கும் உறுப்பு) 3.3 வோல்ட் தர வேண்டுமானால், அதற்கு உள்ளே வருவது குறைந்தது 1.1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன செல்லில் இருப்பது 4.2 வோல்ட், வெளியே வருவது 3.1. செல் 3.7-க்கு இறங்கியதும் 2.6-தான் கிடைக்கும். குறைந்த வீழ்ச்சியுள்ள ரெகுலேட்டரோ, ஏற்றியும் இறக்கியும் தரும் பக்-பூஸ்ட் மாட்யூலோ போட்டு, வானொலி மாட்யூலின் கால்களுக்கு அருகிலேயே ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்தால் தீர்ந்தது. முதல் நாளிலிருந்தே செல்லில் மட்டும் ஓட்டிச் சோதிப்பது இன்னும் நல்லது.

அடுத்தது இணைப்புகள். சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் மேசைக்கு மட்டுமே. மேலே போகும் எதையும் டாட் போர்டில் சால்டர் செய்து, ஒயர் தொடங்கும் இடத்தில் ஹாட் குளூ வைக்க வேண்டும். ஸ்பிரிங் வைத்த செல் ஹோல்டர் கண்டிப்பாகக் கூடாது. பாராசூட் விரியும் இழுப்பில் ஸ்பிரிங் ஒரு கணம் அமுங்கும், மின்சாரம் அறுபடும், கணினி மறுபடி தொடங்கும். அதுவரை எண்ணிய எல்லாம் பூஜ்யமாகிவிடும். நிக்கல் பட்டை வெல்டிங் செய்த செல்லை வாங்க வேண்டும். செல்லின் மீது நேரடியாகச் சால்டரிங் இரும்பை வைப்பது ஆபத்து. எஸ்டி கார்டில் எழுதும்போது வினாடிக்கு ஒரு முறை ஃபிளஷ் (நினைவகத்தில் நிற்பதைக் கார்டில் எழுதி முடிக்கும்) கட்டளை தரவில்லை என்றால், தரையில் மோதி மின்சாரம் போனதும் கார்டில் வெறும் பெயரோடு ஒரு காலிக் கோப்புதான் மிஞ்சும்.

சென்சார்களில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அழுத்தத்திலிருந்து உயரம் கணக்கிடும் புரோகிராம்களில் கடல் மட்ட அழுத்தம் 1013.25 (ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அலகில்) என்று எழுதியிருக்கும். தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே அழுத்தம் சுமார் 959 ஹெக்டோபாஸ்கல். ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர். அங்கே சுமார் 912. அந்த எண்ணை மாற்றாமல் விட்டால் ஓசூரில் மேசை மீது கிடக்கும் டப்பா '880 மீட்டர் உயரத்தில் பறக்கிறது' என்று காட்டும். ஏவுவதற்கு முன் தரையில் 50 அளவீடு எடுத்துச் சராசரி பார்த்து, அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ள வேண்டும். சென்சார் துளையில் நேர் வெயில் படக் கூடாது. கணினிச் சில்லின் சூடும் எட்டக் கூடாது. சென்சாரின் மேல் சிறு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டி, உறையின் பக்கவாட்டில் 3 மி.மீ. துளை மூன்று போட்டால் போதும். இன்னொன்று, ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 என்று காசு வாங்கிக்கொண்டு பிஎம்பி280-ஐக் கொடுப்பது சந்தையில் சகஜம். வாங்கிய அன்றே சில்லுக்குள் இருக்கும் அடையாள எண்ணைப் புரோகிராம் வழியாகப் படித்துப் பாருங்கள். பதினாறடிமான எண்ணில் 58 வந்தால் பிஎம்பி, 60 வந்தால் பிஎம்இ.

முடுக்கம் அளக்க எம்பியு6050 சென்சார் சேர்ப்பவர்கள் அதன் எல்லையை மாற்ற மறந்துவிடுகிறார்கள். தொடக்க அமைப்பில் அது 2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இரு மடங்கு) வரைதான் அளக்கும். சிறு உதறலுக்கே உச்சியில் முட்டி நின்றுவிடும். 16 ஜி-க்கு மாற்ற வேண்டும். சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. அரசுப் பள்ளி மாணவியர் 750 பேர் செய்த ஆசாதிசாட், 2022 ஆகஸ்ட் 7-ல் இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் போனது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் ராக்கெட்டின் முடுக்கமானிகள் எல்லை மீறி முட்டின. சென்சார் பழுதாகிவிட்டது என்று மென்பொருள் முடிவெடுத்தது. செயற்கைக்கோள் 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற தாழ்ந்த பாதையில் விடப்பட்டுத் திரும்பி விழுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு சென்சார் முட்டிக்கொண்டால் புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி 350 கிராம் டப்பாவுக்கும் அப்படியே பொருந்தும்.

வானொலியில் முதலில் சட்டம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி இருக்கிறது. இணையக் கடைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலும் கலந்து விற்கிறார்கள், அது வேண்டாம். 868 என்று விற்பதை வாங்கிப் புரோகிராமில் 866 என்று அமைத்துக்கொள்ளலாம். கால் அலை ஆன்டெனாவுக்கு 8.6 செ.மீ. நீளமுள்ள ஒற்றைக் கம்பி போதும். ஆன்டெனா இணைக்காமல் ஒருமுறைகூட அனுப்பக் கூடாது. அனுப்பும் சக்தி திரும்பி வந்து மாட்யூலையே எரித்துவிடும்.

தூரம் போக வேண்டும் என்று லோராவின் பரவல் எண்ணை (அது கூடக் கூடத் தூரம் கூடும், வேகம் குறையும்) 12-ல் வைப்பது அடுத்த தவறு. 50 பைட் தகவல் ஒன்றை அனுப்ப அந்த அமைப்பில் 2.3 வினாடி ஆகும். 7-ல் வைத்தால் பத்தில் ஒரு பங்கு வினாடி. 100 வினாடி இறக்கத்தில் முன்னதில் அதிகபட்சம் 43 தகவல்தான் வரும். வினாடிக்கு ஒன்று என்ற விதியே அங்கே உடைந்துவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 7 தாராளம். தரையில் இரும்பு அளவு நாடாவை வெட்டி, பிவிசி குழாயில் பொருத்தி, ஒரே திசையில் கூர்ந்து வாங்கும் யாகி ஆன்டெனா ஒன்று செய்துகொண்டால் கவலையே வேண்டாம். ஒவ்வொரு தகவலுக்கும் வரிசை எண் கட்டாயம். எண் இல்லாமல் எத்தனை தொலைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜிபிஎஸ் பற்றி இரண்டே வார்த்தை. வகுப்பறைக்குள் அது செயற்கைக்கோளைப் பிடிக்காது. ஏவுவதற்குப் பத்து நிமிடம் முன்பே திறந்த வெளியில் ஆன் செய்து வைத்துவிட வேண்டும்.

பாராசூட்டைக் கணக்குப் போட்டு வெட்ட வேண்டும், கண்ணளவு உதவாது. எடையைக் கிலோவில் எடுத்து 9.81-ஆல் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, காற்றின் அடர்த்தி, இழுவை எண் (துணியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு), வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். 350 கிராம் டப்பா வினாடிக்கு 8 மீட்டரில் இறங்க வேண்டும், தட்டையான எண்கோணத் துணிக்கு இழுவை எண் 0.8 என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் இருக்கும் கடல் மட்ட அடர்த்தி 1.225 போட்டால் விட்டம் 37 செ.மீ. வரும். தருமபுரியில் 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி சுமார் 1.085-தான். அதைப் போட்டால் 40 செ.மீ. வரும். 37-ஐயே தைத்துக்கொண்டு வந்தால் டப்பா 8.5 மீட்டரில் இறங்கும். கேட்கச் சிறிய வேறுபாடுதான், ஆனால் மாணவர்களின் கணக்கும் அளவீடும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கான விடை இதில் இருக்கிறது. குறிப்பேட்டில் இப்படி ஒரு பத்தி இருந்தால் அதற்கே மதிப்பெண் தரலாம்.

துணிக்குப் பழைய குடைத் துணி நன்றாகவே உதவும். நடுவில் 4 செ.மீ. துளை வேண்டும். துளை இல்லையென்றால் காற்று ஓரம் வழியாக மாறி மாறி வெளியேறி, டப்பா மணி நாக்கு போல ஆடும். கயிறு எட்டு, ஒவ்வொன்றும் துணியின் விட்டத்தைப்போல் ஒன்றே கால் மடங்கு நீளம். கயிறுகள் சேரும் இடத்தில் தூண்டில் கடையில் விற்கும் சுழல் வளையம் ஒன்றைப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் டப்பா சுழலச் சுழலக் கயிறு முறுக்கேறி, பாராசூட் குடை மடங்குவதுபோல் மூடிக்கொள்ளும். நிறம் யோசித்து எடுக்க வேண்டும். ஆரஞ்சு எங்கும் பளிச்சென்று தெரியும் என்பார்கள். நம் பக்கத்துச் செண்டுமல்லித் தோட்டத்தில் விழுந்தால் தேடிச் சலிக்க வேண்டியதுதான். பச்சை மாந்தோப்பில் மறையும். அடர் இளஞ்சிவப்பு இரண்டிலும் தெரியும். தரையில் இறங்கியதும் பஸ்ஸர் அடிக்கும்படி புரோகிராம் எழுதுவது அவசியம்.

இனி சோதனைகள். எங்கள் கோரிக்கையின் மையம் இதுதான். பெரிய போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்து நிற்கும் அணிகளில் பல, அதற்கு முன் தம் டப்பாவை ஒருமுறைகூட உயரத்திலிருந்து போட்டுப் பார்த்திருக்காது. சோதிக்க இடமில்லை, கருவியில்லை என்பார்கள். கீழே சொல்லும் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை.

அழுத்தச் சோதனைக்கு 500 மி.லி. ஊறுகாய் ஜாடி ஒன்றும், மருந்துக் கடையில் கிடைக்கும் 60 மி.லி. சிரிஞ்சும் போதும். ஜாடி மூடியில் துளையிட்டு ரப்பர்க் குழாயைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைக்க வேண்டும். செல்லில் ஓடும் சென்சார் போர்டை உள்ளே வைத்து மூடி, சிரிஞ்சின் தண்டை முழுதாக வெளியே இழுத்தால் காற்று 500-லிருந்து 560 மி.லி.க்கு விரியும், அழுத்தம் 959-லிருந்து 856-க்கு இறங்கும். தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 950 மீட்டர் மேலே போனதற்கு இது சமம். மெல்ல இழுத்தால் ஏற்றம், மெல்ல விட்டால் இறக்கம். உச்சியை அடைந்துவிட்டோம் என்று கண்டறியும் புரோகிராமை ஒரே மாலையில் இருபது முறை சோதித்துவிடலாம். ஒரே ஒரு அளவீடு குறைந்ததும் உச்சி என்று முடிவு செய்யும் புரோகிராம் இந்த ஜாடியிலேயே பிடிபடும். தரையிலிருந்து 50 மீட்டர் தாண்டிய பிறகுதான் பார்க்கத் தொடங்க வேண்டும். தொடர்ந்து ஐந்து அளவீடு குறைந்தால்தான் உச்சி என்று ஏற்க வேண்டும். காற்று ஒருமுறை வேகமாக அடித்தாலே அளவீடு ஓரிரு மீட்டர் குதிக்கும்.

இழுப்புச் சோதனைக்கு அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் ஒரு எளிய முறை இருக்கிறது. 61 செ.மீ. நீளமுள்ள நீளாத கயிற்றின் ஒரு முனையை உத்தரத்தில் கட்டி, மறுமுனையைப் பாராசூட் கட்டும் வளையத்தில் கட்டி, டப்பாவை உத்தர உயரத்துக்குத் தூக்கி விட்டுவிட வேண்டும். கயிறு விறைக்கும் கணத்தில் ஏறத்தாழ 30 ஜி இழுப்பு வரும். கீழே மெத்தை விரித்துக்கொள்ளுங்கள். டப்பா தொங்கியபடியே தகவல் அனுப்பிக்கொண்டிருந்தால் தேறிவிட்டது. வளையம் பிய்ந்து வந்தால், பிய்ந்த இடத்தைப் படம் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். அதிர்வுக்கு அங்கே பயன்படுத்துவது தச்சுப் பட்டறையில் மரம் தேய்க்கும் ஆர்பிட்டல் சாண்டர்! நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் அந்தக் கருவியின் மீது டப்பாவைக் கட்டி ஒரு நிமிடம் ஓட்டினால், சரியாகச் சால்டர் ஆகாத இணைப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். ஓசூரிலோ காவேரிப்பட்டினத்திலோ ஒரு மரப் பட்டறையில் கேட்டால் கிடைக்காமலா போகும்? சூட்டுக்கு ஒரு தெர்மோகோல் பெட்டியும் தலை உலர்த்தும் டிரையரும் போதும். 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, டப்பா ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லித்தியம் செல் உள்ளே இருப்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு வாளி மணலும் அருகில் இருக்கட்டும்.

இறங்கும் வேகத்துக்கு நான்கு மாடிக் கட்டடம் ஒன்று. சுவரின் கீழ்ப்பகுதியில் 4 மீட்டர் உயரத்துக்கு அரை மீட்டருக்கு ஒரு கோடு ஒட்டி, செல்போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். டப்பா அந்த 4 மீட்டரைக் கடக்க 120 படம் ஆனால் வேகம் 8 மீட்டர். 100 படத்தில் கடந்தால் 9.6. ஐந்து முறை போட்டுச் சராசரி எடுக்கலாம். மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில் மாணவர்களை ஏற்றவே கூடாது.

பறக்கவிடுவதைப் பற்றி. மாவட்டப் போட்டிக்கு ராக்கெட் வேண்டியதில்லை. ராக்கெட் மோட்டார் வெடிபொருள், பள்ளியில் யாரும் அதைச் செய்யத் துணியக் கூடாது. தேசியப் போட்டியில் அதற்கென்று இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பலூனில் ஹைட்ரஜன் நிரப்புவதும் அதே அளவு ஆபத்தானது. பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் இப்போது கிராமங்களுக்கே வந்துவிட்டன. 10 லிட்டர் மருந்தைத் தூக்கும் ட்ரோனுக்கு 350 கிராம் ஒரு பொருட்டே அல்ல. பதிவு பெற்ற ட்ரோனும் சான்று பெற்ற இயக்குநரும் இருந்தால், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை பறக்கலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். பேலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால் ஓசூர்ப் பக்கம் கூடுதல் கவனம் தேவை. 100 மீட்டரிலிருந்து விட்டால் 12 வினாடி இறக்கம், 12 அளவீடு. அது குறைவு என்று தோன்றலாம். அந்த 12-ம் ஒழுங்காக வந்து சேர்ந்து, வரைபடத்தில் நேர்கோடாக விழுந்தால், எட்டாம் வகுப்பு மாணவிக்கும் இறங்கும் வேகம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

மாதத்தை நாங்கள் தை, மாசி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். டப்பா எங்கே நிற்கும்? ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை பிறந்ததும் கேழ்வரகு அறுத்த வயல் திறந்து கிடக்கும், காலை ஏழு மணிக்குக் காற்று அடங்கியிருக்கும். 800 மீட்டரிலிருந்து வினாடிக்கு 8 மீட்டரில் இறங்கும் டப்பா, வினாடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். 100 மீட்டர் இறக்கத்தில் அதே காற்று 60 மீட்டர்தான் தள்ளும். இடத்தேர்வில் உயர் அழுத்த மின்கம்பியும் கிணறும் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து விவசாயக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. பாராசூட்டைப் பார்த்தபடி அண்ணாந்துகொண்டே ஓடும் பிள்ளைகளுக்குக் காலடியில் கிணறு இருப்பது தெரியாது. 150 மீட்டர் சுற்றுவட்டாரத்தை முந்தைய நாளே நடந்து பார்த்துக் கயிறு கட்ட வேண்டும். டப்பாவை எடுக்க அணிக்கு ஒருவர்தான் போக வேண்டும், அதுவும் நடந்து.

செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் மின்னணு ஆய்வகங்களைப் புரட்டாசி முதல் மார்கழி வரை சனிக்கிழமைகளில் பள்ளி அணிகளுக்குத் திறந்துவிட்டால், சால்டரிங் இரும்பும் மல்டிமீட்டரும் இல்லாத பள்ளிகளுக்கும் வழி பிறக்கும். மத்திய அரசுத் திட்டத்தில் அமைந்த அடல் ஆய்வகம் உள்ள பள்ளிகள் 3டி பிரிண்டரைப் பக்கத்துப் பள்ளிக்கும் பகிரலாம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் அளவீட்டுப் பிரிவில் வேலை செய்யும் பொறியாளர்கள் ஒரு நாள் நடுவராக வந்தால் போதும். குறிப்பேட்டைப் புரட்டினாலே எது உண்மையில் சோதிக்கப்பட்டது, எது எழுதிச் சேர்க்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே சால்டர் செய்த கிட்டை அனுப்பி, சான்றிதழும் தரும் ஏற்பாடுகள் பெருகிவருகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளையின் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் அந்தப் பணத்துக்கு ஈடாகப் பிள்ளை ஒரு கெப்பாசிட்டரைக்கூடத் தொடுவதில்லை என்பது எங்களுக்கு மிகுந்த வேதனை. அதே பணத்தில் மேலே சொன்ன பொருள்களை வாங்கி, இரண்டு முறை எரித்து, மூன்றாவது முறை சரியாகச் செய்திருக்கலாம். எரிந்த மாட்யூலுக்கும் மாவட்டப் போட்டியில் மதிப்பெண் உண்டு, ஏன் எரிந்தது என்று எழுதியிருந்தால்.

இரண்டு மாவட்ட ஆட்சியர்களும், முதன்மைக் கல்வி அலுவலர்களும், இரு கல்லூரிகளின் முதல்வர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாணவர் அணி ஒன்றின் படத்தை வெளியிடும்போது, டப்பா எத்தனை தகவல் அனுப்பியது, தரையில் எத்தனை வந்து சேர்ந்தது என்ற இரண்டு எண்களையும் படத்துக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
மாணவர் அணிகளுக்கு மின்னணுவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.